கம்பி வலையும் கண்ணாடிச் சுவரும்

ஊர் சுற்றிப் பார்த்த கட்டுரை என்றால் கோயிலும் கடற்கரையும் மலைவாசத் தலமும்தான் வர வேண்டுமா? இந்த முறை நான் உங்களை அழைத்துப் போகும் இடங்களைக் கேட்டால் சிலர் முகம் சுளிக்கக் கூடும். மதுக்கூடங்களைப் பார்க்கப் போகிறோம்! பயப்படாதீர்கள். குடிப்பதற்கு அல்ல. அந்த அறைகள் எப்படிக் கட்டப்பட்டிருக்கின்றன, யாரை மனத்தில் வைத்துக் கட்டப்பட்டிருக்கின்றன என்று பார்த்துவிட்டு வந்துவிடுவோம். முப்பது ஆண்டுக் காலம் தமிழ்ப்பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன நான், உங்களைத் தவறான வழிக்கு அழைத்துப் போவேனா?

இந்தப் பயணத்துக்குக் காரணம் என் தம்பி மகன். பெட்டாலிங் ஜெயாவில் உள்ளலங்கார வேலை செய்கிறான். ஓர் அறையை அவனிடம் ஒப்படைத்தால், தரையில் என்ன கல், சுவரில் என்ன சாயம், விளக்கு எங்கே தொங்க வேண்டும், நாற்காலி எத்தனை அங்குல உயரம் என்றெல்லாம் வரைந்து கொடுப்பான். ஒரு நாள் மாலை சுருட்டிய தாள்களோடு என் வீட்டுக்கு வந்தான்.

"அத்தே, புதுசா ஒரு டேப்ரூம் வேலை வந்திருக்கு. நீங்க பார்த்துச் சொல்லணும்" என்றான்.

டேப்ரூம் என்றால் என்ன என்று நானும் கேட்டேன். பீர் காய்ச்சும் ஆலையோடு ஒட்டினாற்போல், பீப்பாயிலிருந்து நேரே குழாய் வழியாக ஊற்றிக் கொடுக்கும் கூடத்துக்கு மேல்நாட்டில் அப்படிப் பெயராம். இப்போது ஆலை பக்கத்தில் இல்லாவிட்டாலும், அதே பாணியில் கட்டும் கூடங்களையும் அப்படியே அழைக்கிறார்களாம். இவனுடைய வாடிக்கையாளர், கூடம் பழைய தோட்டப்புறக் கள்ளுக்கடையை நினைவூட்ட வேண்டும் என்று கேட்டிருக்கிறார்.

தாளை விரித்தான். செங்கல் தெரியும்படி பூசாமல் விட்ட சுவர். மேலே துருவேறியது போன்ற தகரம். வரிசையாகத் தொங்கும் வெள்ளை மங்குகள். ஊற்றிக் கொடுக்கும் மேடைக்கு முன்னால், மேலிருந்து கீழ்வரை கம்பி வலை. அதில் ஒரு சின்னத் துவாரம்.

"அசல் கள்ளுக்கடை மாதிரியே வந்திருக்கா, அத்தே?"

வந்திருந்தது. அதுதான் சங்கடம். அந்தக் கம்பி வலையைப் பார்த்ததும் எனக்குப் பேச்சு எழவில்லை. "இதுக்குப் பதில் சொல்ல ஒரு நாள் ஆகும்பா. சனிக்கிழமை காரை எடுத்துக்கிட்டு வா" என்றேன்.

செங்கல் பிறந்த இடம்

காலையில் பிரிக்பீல்ட்ஸில் பசியாறினோம். தோசையும் கோப்பியும் முடிந்த பிறகு, "உன் படத்துல செங்கல் சுவர் போட்டிருக்கியே, கோலாலம்பூர்ல செங்கல் எங்கேயிருந்து வந்துச்சு தெரியுமா?" என்றேன். விழித்தான். "நீ இப்போ உட்கார்ந்திருக்கிற இடத்திலேருந்துதான்!"

ஆம், வாசகர்களே. 1881ஆம் ஆண்டில் கோலாலம்பூர் நெருப்பிலும் வெள்ளத்திலும் அடுத்தடுத்து அழிந்தது. அதுவரை பலகையும் அத்தாப்புமாக இருந்த பட்டணத்தைச் செங்கல்லிலும் ஓட்டிலும் கட்ட வேண்டும் என்று வெள்ளைக்கார நிர்வாகம் உத்தரவிட்டது. அதற்கு வேண்டிய செங்கல் சூளைகள் இந்தப் பகுதியில் எழுந்தன. பிரிக்பீல்ட்ஸ் என்ற பெயரே அதனால் வந்ததுதான். பிறகு இரயில்வே வந்தது. பட்டறைகளும் தொழிலாளர் குடியிருப்புகளும் வந்தன. தமிழகத்துத் தமிழரும் யாழ்ப்பாணத்துத் தமிழரும் மலையாளிகளும் இங்கே குடியேறினார்கள். 1904இல் விவேகானந்தா ஆசிரமம் தோன்றியது. 2010இல் இந்தப் பகுதி முறைப்படி லிட்டல் இந்தியாவாகத் திறந்து வைக்கப்பட்டது. இரயில்வேக்காரர்கள் வாழ்ந்த பழைய நூறு குவார்ட்டர்ஸ் இப்போது இல்லை.

"அப்போ செங்கல் சுவர் வெச்சது சரிதானே?" என்றான் பையன்.

"சரிதான். யார் சுட்ட செங்கல், யார் வீட்டுக்குப் போச்சுன்னு தெரிஞ்சு வெச்சா இன்னும் சரி" என்றேன். சிரித்துக்கொண்டே காரை எடுத்தான்.

நாய் காத்திருந்த வாசல்

அடுத்து மெர்டேக்கா சதுக்கம். 1957 ஆகஸ்டு 30ஆம் நாள் நள்ளிரவில் பிரிட்டிஷ் கொடி இறங்கிய அதே திடல். அதன் ஓரத்தில் கறுப்பு மரச்சட்டமும் வெள்ளைச் சுவருமாக நிற்கிறதே, அதுதான் சிலாங்கூர் கிளப். 1884இல் தோன்றியது. வெள்ளை அதிகாரிகளும் துரைமார்களும் மாலை நேரத்தில் வந்து கூடிய இடம். உறுப்பினர் அல்லாத நாம் உள்ளே போக முடியாது. திடலில் நின்றபடியே பார்த்தோம்.

உள்ளே நீண்ட மதுமேடை ஒன்று உண்டு. லாங் பார் என்று பெயர். நெடுங்காலம் அது ஆண்களுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. துரைசாணியேயானாலும் அங்கே அடி வைக்க முடியாது. இந்தக் கிளப்புக்குப் 'புள்ளி நாய்' என்று ஒரு செல்லப் பெயர் இருக்கிறது. அதற்குச் சொல்லப்படும் கதைகளில் ஒன்று இது: தொடக்க கால உறுப்பினர் ஒருவரின் மனைவி, கிளப்புக்கு வரும்போதெல்லாம் தம் குதிரை வண்டிக்குக் காவலாகப் புள்ளி போட்ட நாய்களை வாசலில் விட்டுவிட்டுப் போவாராம். வாசலில் காத்திருந்த நாயின் பெயரே கிளப்பின் பெயராக நிலைத்துவிட்டது.

"வாசல்ல காத்திருந்தா பேர் கிடைக்கும் போல!" என்றான் பையன்.

"எல்லாருக்கும் கிடைக்காதுப்பா" என்றேன். அப்போது அவனுக்குப் புரிந்திருக்காது.

அங்கிருந்து சிறிது தூரத்தில் ஜாலான் துங்கு அப்துல் ரஹ்மான். எங்கள் தலைமுறை அதைப் பத்து ரோடு என்றே சொல்லும். அங்கே 1921இல் ஹைனான் சீனர்கள் தொடங்கியது கோலிசியம் கபே. பக்கத்தில் அதே பெயருடைய பழைய திரையரங்கு. தோட்டத்துத் துரைமார்களும் ஈயச் சுரங்கக்காரர்களும் கூடிய இடம் என்று பெயர் பெற்றது.

ஆசிரியையான பிறகு 1980களில் தோழியரோடு ஒரு முறை அங்கே சாப்பிடப் போனேன். நான் கண்ட காட்சி இன்னும் மனத்தில் இருக்கிறது. ஒரு பக்கம் மதுக்கூடம், மறுபக்கம் சாப்பாட்டு அறை. கைகளை ஊன்றிக்கொள்ளப் பெரிய மரமேடை. சாய்ந்துகொள்ள முதுகுப் பலகை உள்ள நாற்காலிகள். தலைக்கு மேலே மின்விசிறி. வெள்ளைச் சட்டை போட்ட வயதான பணியாளர், சூடான இரும்புத் தட்டில் இறைச்சி 'உஸ்' என்று சத்தம் போட, புகையோடு கொண்டு வந்து வைத்தார். அவசரப்படுத்த ஆள் இல்லை. 'உட்கார், சாப்பிடு, நிதானமாகக் குடி, பேசு' என்று அறையே சொல்லிக்கொண்டிருந்தது. எங்கள் தோட்டத்துத் துரையும் சனிக்கிழமைகளில் இப்படி ஓர் அறைக்குத்தான் கார் ஓட்டிக்கொண்டு போயிருப்பார் என்று அன்று நினைத்துக்கொண்டேன்.

பையன் ஒரு செய்தி சொன்னான். இங்கிலாந்தின் பழைய மதுக்கடைகளிலும் ஒரே கூரைக்குக் கீழே இரண்டு அறைகள் இருந்தனவாம். தொழிலாளிக்கு வெறும் பலகைத் தரை போட்ட பொது அறை. கனவான்களுக்குக் கம்பளம் விரித்த சிறப்பு அறை. சிறப்பு அறையில் விலையும் கூடுதல். ஆக, அறையைப் பார்த்து ஆளை எடைபோடும் வழக்கம் கப்பலேறி இங்கே வந்ததுதான்!

நெடுஞ்சாலை ஓரத்து ஆலைகள்

கூட்டரசு நெடுஞ்சாலையில் கிள்ளானை நோக்கிப் போனோம். கோலாலம்பூர் எல்லையில் கோத்தா டாருல் ஏசான் வளைவு. அதைத் தாண்டிப் பெட்டாலிங் ஜெயாவைக் கடக்கையில் சுங்கை வே. அயர்லாந்தின் கின்னஸ் நிறுவனம் 1965இல் இங்கே தன் ஆலையைத் திறந்தது. 1989இல் அது வேறொரு மது நிறுவனத்தோடு இணைந்து கின்னஸ் ஆங்கர் ஆயிற்று. 2016இல் ஹைனகென் மலேசியா என்று பெயர் மாறியது. இன்னும் போனால் ஷா ஆலம். அங்கே டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் 1972 முதல் காய்ச்சுகிறது. நம் மக்களில் பலரும் இந்த ஆலைகளுக்கு வேலைக்குப் போனார்கள்.

வண்டி ஓட்டிக்கொண்டே பையன் தன் தொழில் நுணுக்கங்களைச் சொன்னான். கேட்கச் சுவையாக இருந்தது. பீர் என்பது முளைகட்டிய வாற்கோதுமை, ஹாப்ஸ் என்ற கசப்புப் பூ, ஈஸ்ட், தண்ணீர் ஆகியவற்றால் ஆவது. பக்குவப்பட வாரக் கணக்கில் ஆகும். பீப்பாய்களைக் குளிரறையில் வைத்து, கரியமில வாயுவின் அழுத்தத்தால் குழாய்க்குத் தள்ளுவார்கள். குழாய் நீளமானால் வழியிலேயே சூடேறி நுரை பொங்கும், பாதி வீணாகும். ஆகையால் குளிரறை, ஊற்றும் மேடைக்கு நேர் பின்னால் சுவரை ஒட்டியே இருக்க வேண்டும். சிந்தியதைக் கழுவிவிடத் தரை சற்றே சரிந்திருக்க வேண்டும். பேச்சொலி எதிரொலிக்காமல் இருக்கக் கூரையில் மரமோ துணியோ வேண்டும். இப்போதைய நாகரிகம், பின் சுவரைக் கண்ணாடியாக வைத்து, பளபளக்கும் கொள்கலன்களைக் காட்டுவது. 'பாருங்கள், மறைப்பதற்கு எங்களிடம் ஒன்றும் இல்லை' என்பது அதன் பொருளாம்.

"கண்ணாடிக்கு முன்னால எதுக்குப்பா கம்பி வலை?" என்றேன்.

"அது அழகுக்கு, அத்தே. பழைய ஞாபகம்."

"யாருடைய ஞாபகம்?"

அவன் பதில் சொல்லவில்லை. கார் கிள்ளானுக்குள் நுழைந்தது.

தென்னையே ஆலை

கிள்ளானில் ஜாலான் தெங்கு கிளானாவின் பூக்கடைகளையும் துணிக்கடைகளையும் கடந்து, காப்பார் சாலையில் திரும்பச் சொன்னேன். இந்தக் கடலோரப் பகுதி ஒரு காலத்தில் ரப்பரும் தென்னையுமாக இருந்தது. அந்தத் தென்னைதான் எங்கள் ஆலை.

இளைய வாசகர்களுக்காக இதைச் சொல்கிறேன். தென்னையின் விரியாத பாளையைக் கயிற்றால் இறுகக் கட்டி, சிறு கட்டையால் மெல்லத் தட்டிப் பக்குவப்படுத்துவார்கள். பிறகு நுனியை மெல்லிய சீவலாகச் சீவிவிட்டால் சாறு சொட்டும். காலையும் மாலையும் மரமேறி, மறுபடி சீவி, கலயத்தில் சேர்ந்ததை இறக்குவார்கள். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் அது இனிப்பான பதநீர். தடவாவிட்டால் காற்றில் உள்ள நுண்ணுயிர்களே புளிக்க வைத்துவிடும். மாலைக்குள் அது கள். பீரின் அளவுக்குப் போதை ஏறும். மறுநாள் புளித்துப் போகும், அப்புறம் காடிதான். எடுத்து வைக்க முடியாது; நெடுந்தூரம் அனுப்பவும் முடியாது. ஆகவே மரத்துக்கு அருகிலேயே கடை இருக்க வேண்டும்; இறக்கிய அன்றே குடித்துத் தீர்க்க வேண்டும். டேப்ரூமுக்கு என் மருமகன் சொன்ன இலக்கணம் எல்லாம் கள்ளுக்கடைக்கும் அப்படியே பொருந்துகிறது அல்லவா? ஆலைக்குப் பக்கத்தில், புதிதாக, நேரே ஊற்றிக் கொடுப்பது!

பண்டத்தில் பெரிய வேறுபாடு இல்லை. அறையில்தான் வேறுபாடு.

யாழ்ப்பாணத்தில் கள்ளுக் கடைக்குத் தவறணை என்று பெயர். 'டாவர்ன்' என்ற சொல்தான் அப்படித் தமிழாகிவிட்டது. பனையோலையை மடித்துச் செய்த பிளாவில் அங்கே கள் குடிப்பார்கள். கேரளத்தில் கள்ளுக்கடை என்றால் மரவள்ளிக் கிழங்கும் மீன் கறியும் நினைவுக்கு வரும். குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிடத் தனி அறை வைத்த கடைகளும் இருக்கின்றன. தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. ஒரே மரத்துச் சாறு, ஊருக்கு ஊர் வேறு வேறு வீட்டில் குடியிருக்கிறது.

நம் நாட்டில் வெள்ளையர் காலத்திலேயே பட்டணங்களில் அரசாங்கக் கள்ளுக்கடை, தோட்டங்களில் உரிமம் பெற்ற தோட்டக் கள்ளுக்கடை என்று ஏற்பாடு இருந்தது. தோட்டக் கடையின் இலாபம் தொழிலாளர் நலனுக்கே செலவாக வேண்டும் என்பது விதி. எங்கள் தோட்டத்துத் திடலில் மாதம் ஒரு முறை எம்.ஜி.ஆர். படம் காட்டுவார்கள். விழுந்து விழுந்து பார்ப்போம். அந்தப் படத்துக்குக் காசு எங்கேயிருந்து வந்தது என்று பெரியவளான பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

கம்பி வலை

எங்கள் தோட்டம் இருந்த இடத்தில் இப்போது வரிசை வரிசையாக மாடி வீடுகள். பழைய சடக்கின் வளைவை வைத்து ஓர் இடத்தில் காரை நிறுத்தச் சொன்னேன். "இங்கேதான் இருந்துச்சுப்பா, உன் படத்துல இருக்கிற கடை" என்றேன்.

வாசகர்களே, 1960களின் கள்ளுக்கடையை உங்களுக்கும் காட்டுகிறேன். தகரக் கூரை. இடுப்பு உயரத்துக்குச் சிமெண்டுச் சுவர். அதற்கு மேலே கூரை வரைக்கும் கம்பி வலை. வலைக்கு உள்ளே பீப்பாயும் காசுப் பெட்டியும் விற்பவரும். வெளியே தாழ்வாரத்தில் எங்கள் ஆட்கள். வலையில் ஒரு மங்கு நுழையும் அளவுக்கு ஒரு துவாரம். அது நெஞ்சுக்குக் கீழே இருக்கும். ஆகவே யாராக இருந்தாலும் குனிந்துதான் வாங்க வேண்டும். பெஞ்சு கிடையாது. கழுவிவிடச் சுலபமான சரிந்த தரை, ஒரு சாக்கடை. நான்கு மணிக்குத் திறந்து ஏழு மணிக்குச் சாத்திவிடுவார்கள். நேரம் நெருங்க நெருங்க, நின்றபடியே மடக் மடக்கென்று குடிப்பார்கள்.

தோட்டத்து ஆபீசில் கிராணி சம்பளம் கொடுக்கும் சன்னலுக்கும் இதே மாதிரிக் கம்பி, இதே மாதிரித் துவாரம். அங்கேயும் குனிய வேண்டும். ஒரு துவாரத்தில் வாங்கிய காசு, அரை மைல் நடந்து, இன்னொரு துவாரத்தில் உள்ளே போய்விடும். கடை இருந்த இடமும் அப்படி: ஆபீசிலிருந்து லயத்துக்குத் திரும்பும் வழியில், தாண்டிப் போக முடியாத திருப்பத்தில்.

எங்கள் அப்பா கெட்டவர் அல்லர். விடியற்காலை ஐந்து மணிக்குப் பிரட்டுக்குப் போய், முந்நூறுக்கு மேற்பட்ட மரம் வெட்டிப் பால் சுமந்து வருபவர். உடம்பு வலிக்கு அவருக்குத் தெரிந்த மருந்து அது ஒன்றுதான். சம்பள நாளில் அம்மா என்னை அனுப்புவார். "கையில காசு மிஞ்சியிருக்கும்போதே உங்கப்பாவைக் கூட்டிக்கிட்டு வா." எனக்கு வயது ஒன்பது. இடுப்பில் தம்பி. கடைக்கு எதிரே சாக்கடையின் மேல் ஒரு சிமெண்டுக் கட்டை. அதில் உட்கார்ந்து காத்திருப்பேன். என்னைப்போல இன்னும் நாலைந்து பிள்ளைகள். சில நாள் பெரியவர்களான பெண்களும் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு தள்ளி நிற்பார்கள். எங்களுக்கென்று கூரையோ விளக்கோ கிடையாது. அந்தக் கடையைக் கட்டியவர், தண்ணீர் எங்கே ஓட வேண்டும் என்று யோசித்தார். காசு எங்கே பத்திரமாக இருக்க வேண்டும் என்று யோசித்தார். காத்திருப்பவர்கள் எங்கே உட்காருவார்கள் என்று யோசிக்கவில்லை.

ஒரு சம்பள நாள் மழை தூறிக்கொண்டிருந்தது. நான் கண்ணயர்ந்துவிட்டேன் போலும். தம்பி மடியிலிருந்து நழுவிச் சாக்கடையில் விழுந்துவிட்டான். நெற்றி பிளந்து இரத்தம். நான் போட்ட கூச்சலில் அப்பா மங்கைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு டிரசர் வீட்டுக்கு ஓடினார். ஓடும்போதே அழுதார். அப்பா அழுது நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான்.

பையன் வெகு நேரம் பேசவில்லை. பிறகு, "அப்பா நெத்தியில இருக்கிற தழும்பு... மாங்கா மரத்திலேருந்து விழுந்ததா சொல்வாங்க, அத்தே" என்றான்.

"அப்படித்தான் எல்லாரும் பேசி வெச்சுக்கிட்டோம்" என்றேன்.

மூடிய கடையும் மூடாத புட்டியும்

இந்த வருத்தம் எங்கள் வீட்டுக்கு மட்டும் உரியதல்ல. 1941இல் இதே கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் மாபெரும் வேலைநிறுத்தம் நடந்ததே, நினைவிருக்கிறதா? 'தமிழ் நேசன்' ஏட்டில் பணியாற்றிய ஆர்.எச்.நாதன் முன்னின்ற அந்தப் போராட்டத்தில், கூலி உயர்வோடும் பிள்ளைகளின் கல்வியோடும் சேர்த்துக் கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் ஒரு கோரிக்கை. துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பது இன்னொன்று. நாதனைக் கைது செய்து இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிர் இழந்தார்கள். போருக்குப் பிறகு 1947இல் கெடாவில் தொண்டர் படை இளைஞர்கள் கள்ளுக்கடைகளுக்கு முன் மறியல் செய்தார்கள்.

கடல் கடந்து பாருங்கள். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நகராட்சியே பீர்க் கூடங்களை நடத்தி, கறுப்பினத் தொழிலாளர் குடித்த காசைக் கொண்டே அவர்களை நிர்வகிக்கும் செலவைப் பார்த்துக்கொண்டது. 1959 ஜூனில் கேட்டோ மேனர் பகுதிப் பெண்கள் கம்புகளோடு அந்தக் கூடங்களுக்குள் புகுந்தார்கள். சம்பளம் வீட்டுக்கு வந்து சேரவில்லை என்பதுதான் அங்கேயும் குறை. எங்கள் அம்மாவுக்கு டர்பன் எந்தத் திசை என்று தெரியாது. ஆனால் அந்தப் பெண்களின் பேச்சு ஒவ்வொன்றும் புரிந்திருக்கும்.

பின்னாளில் கள்ளுக்கடைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. எங்கள் அம்மா சாமிக்குத் தேங்காய் உடைத்தார். ஆனால் கதை அதோடு முடியவில்லை. கள் போன இடத்துக்குச் சம்சு வந்தது. கையடக்கமான புட்டி, மலிவு விலை, கள்ளைவிடப் பல மடங்கு காட்டம். பினாங்கு பயனீட்டாளர் சங்கம் அதை எதிர்த்து ஆண்டுக்கணக்கில் பிரசாரம் செய்தது. கள்ளுக்கடைக்கு நேரம் இருந்தது. சாத்தும் மணி இருந்தது. நாலு பேர் கண் இருந்தது. புட்டிக்கு ஒன்றும் இல்லை. மரத்தடியிலும் பாலத்துக்கு அடியிலும் தனியாகக் குடித்தார்கள். 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் கலந்த மலிவு மதுவைக் குடித்துப் பலர் செத்தார்கள். வெளிநாட்டுத் தொழிலாளர்கள் பலர் அவர்களில் இருந்தார்கள். அன்று நம் ஆட்கள் நின்ற இடத்தில் இன்று அவர்கள் நிற்கிறார்கள்.

அறையை மூடினால் போதும் என்று நாம் நினைத்தோம். கெட்ட அறையைவிடக் கெட்டது, அறையே இல்லாமல் குடிப்பது என்று காலம் காட்டிவிட்டது.

மாறிய வரைபடம்

திரும்பும் வழியில் பையன் கேட்டான். "அப்போ இந்த வேலையை விட்டுடவா, அத்தே?"

"நீ விட்டா இன்னொருத்தன் வரைவான். நீயே செய். ஆனா மூணு விஷயம் கேட்கிறேன்" என்றேன். ஒன்று, வாங்குபவருக்கும் கொடுப்பவருக்கும் நடுவே கம்பி வலை வேண்டாம். இரண்டு, வயிற்றுக்குச் சாப்பாடும், கேட்காமலே வைக்கத் தண்ணீரும், முதுகு சாய்ந்து உட்கார இருக்கையும் வேண்டும். நிற்பவன் அவசரமாகக் குடிப்பான். உட்கார்ந்து சாப்பிடுபவன் நிதானமாகக் குடிப்பான். மூன்று, வாசல் பக்கம், கூரைக்குக் கீழே, நல்ல வெளிச்சத்தில், குடிக்காதவர்களுக்கு ஓர் இடம். அழைத்துப் போக வந்த மனைவியோ, கூட்டிப் போக வந்த வாடகைக் கார்க்காரரோ, யாராயிருந்தாலும் ஒரு கோப்பைத் தேநீரோடு உட்கார்ந்து காத்திருக்க ஓர் இடம்.

இரண்டு வாரம் கழித்துப் புது வரைபடத்தோடு வந்தான். எல்லாம் நான் கேட்டபடி நடந்துவிடவில்லை. வாசல் பக்கத்தில் இரண்டு மேசை போட்டால் வியாபாரம் ஆகுமே என்று முதலாளி முணுமுணுத்தாராம். பையன் விடாமல் வாதாடி ஒரே ஒரு பெஞ்சுக்குச் சம்மதம் வாங்கியிருக்கிறான். கம்பி வலையை முழுக்க விட முதலாளிக்கு மனம் வரவில்லை. அது இப்போது பக்கச் சுவரில் ஒட்டிக்கொண்டு மங்கு மாட்டும் சட்டமாகிவிட்டது. மேடைக்கு முன்னால் இல்லை. அந்த மட்டுக்கும் சரி. 2017 டிசம்பர் முதல் 21 வயது நிரம்பாதவருக்கு மது விற்கக் கூடாது என்பது சட்டம். அந்த அறிவிப்பையும், முஸ்லிம் அல்லாதவர்க்கு மட்டும் என்ற அறிவிப்பையும் மூலையில் ஒளிக்காமல் வாசலிலேயே வைத்திருக்கிறான்.

வாசகர்களே, குடி நல்லதென்று நான் சொல்லவில்லை. எங்கள் வீட்டுக் கணக்கு எனக்குத் தெரியும். ஆனால் இனிமேல் எந்தக் கூடத்தைக் கடந்து போனாலும், அது மதுக்கூடமோ மருத்துவமனையோ அரசாங்க அலுவலகமோ, ஒன்றை மட்டும் பாருங்கள். சன்னலில் குனிய வேண்டியிருக்கிறதா? காத்திருப்பவருக்கு உட்கார இடம் இருக்கிறதா? அதைக் கட்டியவர் நம்மை யாரென்று நினைத்தார் என்பது தெரிந்துவிடும்.

அன்று இரவு தம்பி தொலைபேசியில் கூப்பிட்டான். மகன் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறான் போலும்.

"அக்கா, அந்தத் தழும்பைப் பத்தி அவன்கிட்ட ஏன் சொன்னே?" என்றான். கோபமா வருத்தமா என்று தெரியவில்லை. நான் பேசாமல் இருந்தேன். அவனும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

பிறகு கேட்டான்: "அந்த வாசல் பெஞ்சுக்கு முதுகு சாய பலகை வெச்சிருக்கானா?"

"வெச்சிருக்கான்பா" என்றேன்.